யார் கூற்று?

அகப்பாடல்களின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். தலைவன் பிரிந்தபோது தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி செவிலிக்குச் சொன்னது என்பது போல. மாணவிகள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் பாட்டுக்குப் போய்விடுவார்கள். தேர்வில் அது வராது என்பது அவர்கள் கணக்கு. பதினெட்டு ஆண்டுகளாக நான் அவர்களை அந்தக் குறிப்பிலேயே நிறுத்திவைக்கிறேன். சொல்வது யார், கேட்பது யார், எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன பயன் கருதி? தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது சீர், அடி, தொடை ஆகியவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் என்பவற்றையும் சேர்த்தே சொல்கிறார். சொல்பவர் யார் என்பதை அவர் பாட்டுக்கு வெளியே வைக்கவில்லை. சீரைப் போல அதுவும் ஓர் உறுப்பு.

மென்பொருள் செய்கிறவர்களிடமும் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்பது, 2023இல் எங்கள் கல்லூரிக்கு வருகைப்பதிவு மென்பொருள் செய்ய ஆள் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. யூசர் ஸ்டோரி என்று பெயர். ஸ்டோரி என்றாலும் ஒரே வாக்கியம்தான்: 'ஒரு இன்னாராக, எனக்கு இன்னது வேண்டும், இன்ன பயனுக்காக.' உள்ளங்கை அளவு அட்டையில் அடங்கிவிடும். 2000களின் தொடக்கத்தில் லண்டனில் கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் பிறந்த வாய்பாடு இது. கூற்றும் பயனும் இல்லாமல் ஒரு தேவையை எழுதக்கூடாது என்று கணினிக்காரர்கள் விதி வைத்திருக்கிறார்கள் என்றதும் எனக்கு, யாரோ தூரத்து உறவினரைக் கண்டுகொண்டது போல இருந்தது.

அந்தக் குழுவில் என்னை உட்கார வைத்தது பொத்தான்களுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதற்காக. செயலர் அப்படித்தான் சொன்னார். "ஸ்கிரீன்ல தமிழும் இருக்கணும், நீங்க கொஞ்சம் பாத்துக் குடுத்துருங்க மேடம்." செயலர், முதல்வர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், கணினி அறிவியல் துறைத்தலைவர், அலுவலகக் கண்காணிப்பாளர், கடைசி நாற்காலியில் நான். மென்பொருளைச் செய்தது கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று. தேவைகளைத் திரட்ட அங்கிருந்து வந்தவள் எங்கள் கல்லூரியிலேயே இளநிலைக் கணினி அறிவியல் படித்தவள். பகுதி ஒன்று தமிழ் என்னிடம் படித்தாள். அவள் வேலைக்கு பிசினஸ் அனலிஸ்ட் என்று பெயர். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "கேக்குறவங்களுக்கும் செய்யுறவங்களுக்கும் நடுவுல நிக்கணும்மா. நீங்க தோழின்னு நடத்துவீங்கல்ல, அதான்" என்றாள். வகுப்பில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவள் சொல்லித்தான் இந்தத் துறையின் பழைய கதையும் தெரிந்தது. முன்பு தேவைகள் அனைத்தையும் முதலிலேயே தடித்த கோப்பாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்களாம். பிறகுதான் செய்யத் தொடங்குவார்கள். நடுவில் யாருக்காவது ஒன்று நினைவுக்கு வந்தால், கையெழுத்துப் போட்டாயிற்றே என்பார்கள். அருவி முறை என்று இதைச் சொல்வார்கள். விழுந்த தண்ணீர் மேலே ஏறாது. 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில் இந்தப் படம் இருக்கிறது. இப்படியே செய்தால் ஆபத்து என்று அவரே அந்தக் கட்டுரையில் எழுதியும் இருக்கிறார். உலகம் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் கூடிய 17 பேர் இதற்கு மாற்றாக ஓர் அறிக்கை எழுதினார்கள். கொஞ்சம் செய், காட்டு, கேள், மாற்று. தேவை நடுவில் மாறினால் அதைக் குற்றமாகப் பார்க்காதே. அஜைல் என்ற பெயர் அங்கிருந்து பரவியது. கையெழுத்திட்ட 17 பேரும் ஆண்கள். "பேரை ஒவ்வொண்ணா தேடிப் பாத்தேம்மா, ஒரு லேடி கூட இல்ல" என்றாள் என் மாணவி. ஆனாலும் அந்த அறிக்கையின் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்கும்தான். தேவை என்பது முதல் நாளே முழுதாகத் தெரிந்துவிடாது, பேசப்பேசத்தான் தெரியும் என்பதைப் பெண்களிடம் யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அவள் ஒரு வாரம் கல்லூரியிலேயே இருந்தாள். கூட்ட அறையில் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கேட்பதைவிட வேலை நடக்கும் இடத்தில் போய் உட்கார்வதுதான் அவள் முறை. அலுவலகத்தில் எழுத்தர் பக்கத்தில் ஒரு நாள். ஆசிரியர் அறையில் ஒரு நாள். வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருக்கும் சிறு எழுத்துகளைக்கூட விடாமல் கேட்டாள். 'ப' என்றால் பேருந்து தாமதம். வட்டம் போட்டால், வந்தாள், ஆனால் உடம்பு சரியில்லாமல் ஓய்வறையில் இருக்கிறாள். இந்த வட்டத்தை எந்தச் சுற்றறிக்கையும் ஏற்படுத்தவில்லை. ஆசிரியைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டது. வரவில்லை என்று போட்டால் 75 விழுக்காட்டில் அடிவிழும். தேர்வெழுத முடியாமல் போகும். வந்தாள் என்று போட்டால் பொய். இரண்டுக்கும் நடுவில் ஒரு வட்டம். மென்பொருளின் முதல் வரைவில் வந்தாள், வரவில்லை என்ற இரண்டு கட்டங்கள்தான் இருந்தன.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்த வரைக்கும் காட்டுவார்கள். அந்த இரண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். முதல் ஸ்பிரிண்ட் முடிவில் காட்டியபோது அறை முழுக்கச் சிரிப்பு. கால அட்டவணையில் திங்கள், செவ்வாய் என்று போட்டிருந்தார்கள். எங்களுக்கு ஏது திங்களும் செவ்வாயும்? கலைக் கல்லூரிகளில் டே ஆர்டர்தான். ஒன்று முதல் ஆறு வரை ஓடும். நடுவில் விடுமுறை வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இன்றைக்கு என்ன கிழமை என்பதைவிட இன்றைக்கு எத்தனையாவது டே ஆர்டர் என்பதுதான் எங்கள் ஊழியர்களுக்கு முதலில் வாயில் வரும். இவ்வளவு பெரிய விஷயத்தை ஆறு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. மூச்சு விடுவதை யார் தேவை என்று எழுதிக்கொடுப்பார்? அங்கேயே படித்த என் மாணவிக்கும் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கிழமைக் கணக்கில் இருந்து மறந்துபோயிருந்தாள். சொல்லாமல் விட்டதைத் தொல்காப்பியர் எச்சம் என்கிறார். சொல்லால் நிரப்பிக்கொள்ள வேண்டியது ஒன்று, குறிப்பால் நிரப்பிக்கொள்ள வேண்டியது ஒன்று. தேவை திரட்டுகிறவர்களின் பாதி வேலை இந்த எச்சத்தில்தான் இருக்கிறது.

பெயர்க் கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டும் கட்டாயம். எங்கள் பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயர் எங்கிருந்து வரும்? அலுவலகத்தில் அப்பாவின் பெயரை இரண்டாவது கட்டத்தில் போட்டு நிரப்பினார்கள். சில பேருக்கு வெறும் இனிஷியல். இது இழுத்த இழுப்பைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லா அட்டைகளையும் அடுக்கிவைக்கும் பட்டியலுக்கு பேக்லாக் என்று பெயர். எது மேலே, எது கீழே என்பதைத் தீர்மானிக்கும் ஆள் புராடக்ட் ஓனர். குழுவாக முடிவெடுத்தால் ஒன்றும் நகராது, ஒரே ஆள்தான் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. எங்கள் கல்லூரியில் அது யாராக இருக்கும் என்று தனியே எழுதத் தேவையில்லை. செயலர் சொல்லி, பட்டியலின் உச்சியில் ஏறிய அட்டை இது:

'ஒரு பெற்றோராக, என் மகள் வகுப்புக்கு வராவிட்டால் உடனே எனக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும், அவள் பாதுகாப்பை உறுதிசெய்துகொள்ள.'

தந்தையின் கைபேசி எண் கட்டாயம். தாயின் எண் விருப்பம். முதல் மணிநேரம் முடிந்த 10 நிமிடத்துக்குள் செய்தி போய்விட்டால் இந்தத் தேவை நிறைவேறியதாகக் கொள்ளலாம்.

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். இது யார் கூற்று?

"பெற்றோர் கூற்று" என்றார் கணினித் துறைத்தலைவர், சிரித்துக்கொண்டே.

எந்தப் பெற்றோர்? அந்த அறையில் ஒரு மாணவியின் பெற்றோரும் இல்லை. அதுவரை அவர்களில் ஒருவரிடமும் யாரும் பேசியிருக்கவில்லை. செயலர் தனக்கு வேண்டியதைப் பெற்றோரின் வாயில் வைத்துச் சொல்லியிருந்தார். வாய்பாடு கூற்றைக் கேட்கிறதே தவிர, சொன்னவர் உண்மையில் அவர்தானா என்று கேட்பதில்லை. 'ஒரு பெற்றோராக' என்று தொடங்கிவிட்டால் பெற்றோர் வந்து பேசியதாகவே ஆகிவிடுகிறது.

இதை எழுதும்போதே எனக்கு ஒன்று உறுத்துகிறது. தலைவி கூற்றுப் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் ஆண்கள். வெள்ளிவீதியாரும் ஔவையாரும் எழுதியவற்றைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் எந்தத் தலைவி யாருடைய தலைவி என்ற சந்தேகமே வரும். பிறர் வாயில் சொல்லை வைப்பது என் பாடத்துறையின் அடித்தளம். அதைக் கணினிக்காரர்கள் மட்டும் செய்கிறார்கள் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் பாட்டில் தலைவி சொன்னதைக் கேட்டு யாரும் ஒரு பெண்ணின் அப்பாவுக்குக் காலை பத்தரை மணிக்குச் செய்தி அனுப்புவதில்லை.

அட்டையை இன்னொரு முறை படியுங்கள். பயன் என்று சொல்லியிருப்பது பாதுகாப்பு. நிறைவேறியதா என்று சோதிப்பது 10 நிமிடத்தை. இரண்டுக்கும் என்ன தொடர்பு? 10 நிமிடத்தில் செய்தி போய், அவள் ஒரு வாரம் வீட்டில் அடைக்கப்பட்டாலும் கணினியைப் பொறுத்தவரை தேவை நிறைவேறியது. என் மாணவி இதைக் கவனித்திருந்தாள். "பயன் லைனுக்கும் அக்செப்டன்ஸ் லைனுக்கும் ஒட்டலம்மா. இப்படி இருந்தா, பயன்னு எழுதியிருக்கறது உண்மையான பயன் இல்லைன்னு எங்க லீட் சொல்லுவாங்க." அவளுடைய லீட் ஒரு பெண் என்று பிறகு சொன்னாள்.

முன்னோட்டமாக ஒரே ஒரு வகுப்புக்கு இரண்டு வாரம் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். அந்த வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர். பதிவேட்டில் இனிஷியல்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும். ஒருத்திக்கு அப்பாவின் முழுப் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஏறியிருந்தது, இன்னொருத்திக்கு ஓர் எழுத்து மட்டும். ஆசிரியை தொடுதிரையில் பார்த்தபோது இரண்டும் குறுகி ஒரே மாதிரி தெரிந்தன. வராதவள் ஒருத்தி, செய்தி போனது இன்னொருத்தியின் அப்பாவுக்கு. வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தவள் மாலையில் வீட்டுக்குப் போனாள். அதன் பிறகு 9 நாள் வரவில்லை. பத்தாம் நாள் அம்மாவோடு வந்தாள். வகுப்பிலிருந்தாள் என்று அலுவலக முத்திரையோடு ஒரு கடிதம் கேட்டார் அந்த அம்மா. தட்டச்சு செய்து கொடுத்தார்கள். கடிதத்தை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார்.

நிர்வாகம் இதை மென்பொருள் பிழை என்று எழுதி வைத்தது. பெயர்க் கட்டம் ஒன்றாக்கப்பட்டது, புகைப்படம் சேர்க்கப்பட்டது, பிழை தீர்ந்தது. செய்தி சரியான அப்பாவுக்குப் போயிருந்தால் பிழையே இல்லை என்றுதானே இதற்குப் பொருள்?

தேவையை எழுதியவர்களிடம் கேட்டது போதும், யாருடைய பெயரில் எழுதினோமோ அவர்களிடம் கேட்போம் என்று என் மாணவி கிளம்பினாள். முதலில் மாணவிகள். மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். முதல் மணிநேரம் ஏன் தவறுகிறது? கட்டணமில்லாப் பேருந்து ஒன்று போனால் அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்து. காசு கொடுத்து மினிபஸ்ஸில் வரக் கையில் காசிருக்காது. தீட்டு நாள் வலி. அம்மாவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிற்க வைத்துவிட்டு வருவது. ரேஷன். ஜவுளிக்கடைப் பகுதிநேர வேலை. இரண்டு மூன்று பேர் சினிமாவுக்கும் போயிருக்கிறார்கள், அதையும் சொன்னார்கள். அவர்களுக்கு அதற்கு உரிமையில்லையா என்ன? ஒருத்தி மட்டும் கடைசிவரை பேசாமல் இருந்துவிட்டு, எழுந்து போகும்போது சொன்னாள்: "மாப்பிள்ளை பாத்துட்டுதான் இருக்காக. எங்கப்பா போனுக்கு ஒரு மெசேஜ் வந்தாப் போதும், அதோட முடிஞ்சிரும்மா."

அடுத்து பெற்றோர். ஒரு சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தோம். வந்தது 11 பேர், அதில் 8 பேர் அம்மாக்கள். தந்தையின் எண் கட்டாயம், தாயின் எண் விருப்பம் என்று எழுதியவர் இந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்களில் பெரும்பாலோர், செய்தி வேண்டும் என்றுதான் சொன்னார்கள். அதை நான் மறைக்கக்கூடாது. பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் இருக்கும் பயம் பொய்யான பயமில்லை. ஆனால் பீடி சுற்றும் அம்மா ஒருவர் கேட்டது வேறு. "எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா. மெசேஜ் வந்தா மூத்தவந்தான் பாத்துச் சொல்லணும். எனக்குச் சொல்லுததுக்கு முன்னாடியே அவ மேல கைய வச்சிருவான். எனக்குப் போனடிச்சு வாயால சொல்லுங்க."

தொல்காப்பியத்தில் இன்னொரு செய்தி உண்டு. அகப்பாட்டில் சிலருக்கு நேர்க்கூற்று இல்லை என்கிறது செய்யுளியல். ஊரார், அயலார், தந்தை, தமையன் ஆகியோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். அவர்கள் சொன்னதாக மற்றவர்கள் எடுத்துச் சொல்லலாம். அவர்களே வந்து பேச மாட்டார்கள். அறத்தொடு நிற்றல் என்ற துறையில் செய்தி போகும் வழியும் இதோடு சேர்ந்தது. தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம். நற்றாய் சொல்லித்தான் தந்தைக்கும் தமையனுக்கும் தெரியும். இந்த வழி கல்யாணத்தில் போய் முடிகிற வழி. அதை நான் கொண்டாடவில்லை. கவனிக்க வேண்டியது செய்தி நின்று நின்று போவதை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பெண் அதைக் கையில் வாங்கி, இதை இப்போது சொல்லலாமா, எப்படிச் சொன்னால் பெண்ணுக்குச் சேதமிருக்காது என்று யோசிக்கிறாள். எங்கள் பதிவேட்டின் பென்சில் வட்டமும் அப்படி ஒரு நிறுத்தம்தான். நிர்வாகம் கேட்ட மென்பொருள் இந்த நிறுத்தங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பதிவேட்டிலிருந்து தந்தைக்கு நேர்க்கோடு போட்டது. வேகம் என்று அதற்குப் பெயர் வைத்தது.

என் மாணவி நான்கு அட்டைகள் எழுதினாள். தமிழில் எழுதி என்னிடம் காட்டினாள். ஒற்றுப்பிழை மட்டும் திருத்தினேன்.

'ஒரு மாணவியாக, நான் வரவில்லை என்ற பதிவு முதலில் எனக்குத் தெரிய வேண்டும், தவறென்றால் அன்றே மறுக்க.'

'ஒரு வகுப்பாசிரியராக, வீட்டுக்குச் செய்தி போகுமுன் நான் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், காரணம் எனக்குத் தெரிந்திருக்கலாம் என்பதால்.'

'வாசிக்கத் தெரியாத ஒரு தாயாக, எனக்குத் தமிழில் குரலழைப்பு வர வேண்டும், செய்தியை நானே முதலில் அறிய.'

'ஒரு மாணவியாக, யாருடைய எண்ணுக்குச் செய்தி போக வேண்டும் என்பதை நான் தேர்ந்தெடுக்க வேண்டும், என் படிப்பு தொடர.'

கூட்டத்தில் செயலர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "நாளைக்கு ஒரு பிள்ளை காணாமப் போச்சுன்னா பதில் சொல்லப்போறது நீங்களா, நானா?" நியாயமான கேள்வி. போன வருடம் பக்கத்துக் கல்லூரி வாசலில் ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்ததை எல்லோரும் பார்த்திருந்தோம். அப்படிப்பட்ட நாளில் வகுப்பாசிரியரே தொலைபேசியை எடுத்துப் பேசுவார், அதற்கு மென்பொருள் தடையில்லை என்று என் மாணவி விளக்கினாள். நான் புதுமைப்பெண் திட்டத்தைச் சொன்னேன். மாதம் 1,000 ரூபாய் அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. பணத்தை அவள் கையில் கொடுக்கலாம் என்று அரசாங்கம் நம்புகிறது. அவளைப் பற்றிய செய்தியை அவள் கையில் கொடுக்க நமக்கு என்ன தயக்கம்? செயலர் அதற்குப் பதில் சொல்லவில்லை. முதல்வர் அதுவரை வாய் திறக்கவில்லை. "நாங்க ஹாஸ்டல்ல இருக்கும்போது வார்டன் லெட்டரைப் பிரிச்சுப் படிச்சிட்டுதான் குடுப்பாங்க" என்று மட்டும் சொன்னார். யார் பக்கம் பேசுகிறார் என்று தெரியாத மாதிரி சொன்னார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காரியம் நடந்தது வேறொருவரால். அலுவலகக் கண்காணிப்பாளர் கையைத் தூக்கினார். முன்னோட்டம் நடந்த இரண்டு வாரத்தில் தப்பாகப் போன செய்திகளுக்கு அப்பாமார்கள் அலுவலகத் தொலைபேசிக்கு அழைத்துத் திட்டியதைக் கணக்குப் போட்டுச் சொன்னார். "சார், டீச்சர் பாத்து ஓகே குடுத்த பிறகு போனா எங்களுக்கு நிம்மதி." பெண்களின் படிப்பு, தன்னுரிமை என்று நாங்கள் பேசியதில் எதுவும் அசையாத இடம் இதில் அசைந்தது. முதல் மூன்று அட்டைகளும் ஏற்கப்பட்டன. தந்தையின் எண், தாயின் எண் என்ற இரண்டு கட்டங்களும் போய் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் எண்' என்று ஒரே கட்டம் ஆனது. சேர்க்கை நாளில் பெரும்பாலும் அப்பாதான் பக்கத்தில் நிற்பார் என்பதால் அதில் ஏறுவது எந்த எண் என்று ஊகிக்கலாம்.

நான்காவது அட்டை ஏற்கப்படவில்லை. நிராகரிக்கப்படவும் இல்லை. தேவைகளை நான்காகப் பிரிக்கும் முறை ஒன்று அவர்களிடம் உண்டு, 1994இல் டாய் கிளெக் என்பவர் வகுத்தது: இருந்தே தீர வேண்டும், இருக்க வேண்டும், இருக்கலாம், இந்த முறை இல்லை. நான்காவது வகையின் பெயரைக் கவனியுங்கள். வேண்டாம் என்று அதில் யாரும் சொல்வதில்லை. இந்த முறை இல்லை, அவ்வளவுதான். பெண்கள் கேட்டுப் பழகிய சொல். அட்டை பேக்லாக்கின் அடிக்குப் போனது.

ஏற்கப்பட்ட மூன்றும் எப்படி நடக்கின்றன என்று கேட்பீர்கள். மாணவிக்குச் செய்தி முதலில் போகிறது. வாரத்துக்கு நான்கைந்து பேராவது மறுக்கிறார்கள், பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கிறது. குரலழைப்பு நன்றாக இருக்கிறது. பதிவு செய்த குரல் எங்கள் வரலாற்றுத் துறை ஆசிரியை ஒருவருடையது, அதட்டாத குரல். இரண்டாவது அட்டையில்தான் எனக்கு மனத்தாங்கல். நானும் ஒரு வகுப்புக்கு டியூட்டர். மாலை 4 மணிக்குள் பட்டியலைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பல நாள் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பட்டியலைத் தள்ளுகிறேன். இந்தப் பெண்ணுக்கு வலி, இவள் அம்மாவோடு ஆஸ்பத்திரியில், இவளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, போன் பண்ண வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களும் இதைச் செய்கிறார்கள், அவர்கள் வாங்கும் தொகைக்கு. பென்சில் வட்டம் போட்டபோது இந்த வேலை கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது நேர முத்திரையோடு தெரிகிறது. தாமதமாக ஒப்புதல் தந்த ஆசிரியர்கள் பட்டியல் ஒன்று மாதக் கடைசியில் முதல்வருக்குப் போகிறது. அந்தத் தேவையை எழுதிய அட்டை யாருடைய கூற்றில் தொடங்கியது என்று நான் இன்னும் பார்க்கவில்லை. செவிலிக்கும் கூலி உண்டா என்று உரையாசிரியர்கள் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

என் மாணவி இப்போது வேறு நிறுவனத்தில், சென்னையில் இருக்கிறாள். மருத்துவமனை ஒன்றுக்குப் பிரசவப் பதிவு மென்பொருள் செய்கிறார்களாம். கணவர் கையெழுத்துக் கட்டம் கட்டாயமா என்று போன வாரம் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது என்று சொன்னாள்.

அவள் இடத்துக்கு வந்திருக்கும் பையன் சென்ற மாதம் என்னை அழைத்தான். பேக்லாக்கைச் சுத்தம் செய்கிறார்களாம். ஓராண்டுக்கு மேல் யாரும் தொடாத அட்டைகளை மூடிவிடுவது வழக்கம்.

"மேம், ஒரு கார்டு இருக்கு. ஸ்டூடண்ட் நம்பர் சூஸ் பண்றது. இத யார் கேட்டாங்கன்னு தெரியல. ரிப்போர்ட்டர்னு இருக்கறவங்க கம்பெனிய விட்டுப் போயிட்டாங்க. க்ளோஸ் பண்ணிரலாமா?"

மூட வேண்டாம் என்றேன். கேட்டவர்கள் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறார்கள், ஒருத்தியைத் தவிர. நீங்களே வந்து கேளுங்கள், டே ஆர்டர் 3 அன்று மூன்றாவது மணி அவர்களுக்கு நூலக நேரம், அப்போது பேசலாம் என்றேன்.

"டே ஆர்டர் 3ன்னா என்ன கிழமை மேம்?"

வாரத்துக்கு வாரம் மாறும் என்று சொல்லிவிட்டு, நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு விடுமுறை வந்தது. அதைக் கழித்துவிட்டு எண்ணி, வருகிற வெள்ளிக்கிழமை பதினோரு மணி என்று சொன்னேன்.